மூலைவாட்டுப் பட்டையின் இயற்பியல்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 1920, 1930-களில் பெரிதும் விரும்பித் தைக்கப்பட்ட ஒட்டுத்துணிப் போர்வைகளுள் ஒன்று ‘டபுள் வெட்டிங் ரிங்’ எனும் இரட்டை மணமோதிரம். சிறு துணித்துண்டுகளைக் கோத்து, ஒன்றையொன்று ஊடறுக்கும் வளையங்களாக அமைப்பது அதன் இலக்கணம். வளையங்கள் ஓரத்தை எட்டும் இடத்தில் நேர்க்கோடு மறைந்து, அலையலையான விளிம்பு பிறக்கிறது. மேல்துணி, இடைப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றடுக்கையும் அங்கே ஒரு பட்டையால் மூடித் தைத்தாக வேண்டும். நேராக வெட்டிய பட்டை அங்கே சுருங்கிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். அதே துணியை மூலைவாட்டில் வெட்டினால், வளைவோடு வளைந்து படிகிறது. நூலும் நெசவும் ஒன்றே. வெட்டிய திசை மட்டுமே வேறு.

நெய்த துணியில் பாவும் ஊடையும் செங்கோணத்தில் பின்னிக் கிடக்கின்றன. பாவின் திசையில் இழுத்தால் விசை முழுவதும் நூலின்மீதே விழுகிறது. அப்போது கிடைக்கும் சிறு நீட்சியும், நெசவில் மேலும் கீழும் ஏறியிறங்கும் நூலின் நெளிவு நிமிர்வதால் வருவதே பெரும்பாலும். 45 பாகைச் சாய்வில் இழுக்கும்போதோ நூல் நீளவே வேண்டியதில்லை, திரும்பினால் போதும். கடைவாசலின் மடக்குக் கதவில் கம்பிகள் நீளாமலே கதவு விரிகிறதல்லவா, அதே இயக்கம். நூலிடைச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. நூல்களுக்கிடையிலான கோணம் 90 பாகையிலிருந்து 80 பாகைக்குக் குறைந்தால், இழுத்த திசையில் துணி 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீளும். குறுக்கே ஏறத்தாழ 9 விழுக்காடு ஒடுங்கும். நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி முட்டும்வரை இந்த இணக்கம் தொடரும். பாரிசு ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே புகழ்பெற்றது இந்தப் பண்பைக் கொண்டே. இரவிக்கைக் கழுத்துக்கு ‘கிராஸ் பீஸ்’ வெட்டும் நம் தையற்காரருக்கும் இது கைவந்த கணக்கு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்ட வளைவு; பட்டையின் தையல் ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே ஓடுகிறது. வெளிவிளிம்பின் நீளம் 31.4 செ.மீ.; தையற்கோட்டின் நீளம் 29.5 செ.மீ. ஓரத்தைச் சுற்றி மடியும் பகுதி, தைத்த பகுதியைவிட 6 விழுக்காட்டுக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். மூலைவாட்டுத் துணிக்கு அது எளிது. ஆரத்தை 5 செ.மீ. ஆக்குங்கள்: வேறுபாடு அதே 1.9 செ.மீ.தான், ஆனால் விகிதம் 13 விழுக்காட்டைத் தாண்டிவிடும். சிறிய, ஆழமான வளைவுகளில் கைதேர்ந்தவர்களும் திணறுவது இதனால்தான். அழகுக்காக வளைவுகளை நெருக்கி வரைவோர் இந்த விகிதத்தை முதலில் பார்ப்பது நல்லது.

புறவளைவில் பட்டையை இழுத்துத் தைக்கலாகாது. சற்றே தளர விட்டுத் தைக்க வேண்டும். இழுத்துவிட்டால், மீள முயலும் பட்டை ஓரத்தை உள்நோக்கிக் குவிக்கும். உள்வளைவில் முறை தலைகீழ்: அங்கே வெளிவிளிம்பு தையற்கோட்டைவிடக் குறுகியது, மெல்ல இழுத்துத் தைத்தால்தான் மிகுதித்துணி தங்காது. தளர்ச்சி எல்லை மீறினாலும் கேடுதான். தட்டையான வட்டில் சுற்றளவு ஆரத்துக்கேற்பவே வளர முடியும். அதற்கு மேற்பட்ட நீளத்துக்குத் தளத்தில் இடமில்லை. அது மேலும் கீழும் நெளிந்தே தீரும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதர் தைனா தைமினா 1997-இல் குரோஷாப் பின்னலால் அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடிக்கும் பொருளாக்கியது இந்த நெறியை வைத்துத்தான். வரிசைதோறும் கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனார். கணிதருக்கு அது வெற்றி; போர்வை தைப்பவருக்கோ பிரித்துத் தைக்க வேண்டிய வேலை.

பட்டை வெட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 75 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டி, இரு முக்கோணங்களை இணைகரமாகத் தைத்து, ஒரு பட்டை அகலம் தள்ளி ஓரங்களைக் குழலாக இணைத்தால், சுருள்வழியே கத்தரித்துக்கொண்டே போகலாம். பரப்பைப் பட்டை அகலத்தால், இங்கே 6 செ.மீ.-ஆல், வகுத்தால் நீளம் கிடைக்கும்: 5,625-ஐ 6-ஆல் வகுக்க 937 செ.மீ.; தையலில் மறைவது போக 900 செ.மீ. அளவில் மிஞ்சும். 200-க்கு 220 செ.மீ. போர்வையின் நேர்ச்சுற்றளவு 840 செ.மீ.; அலைவிளிம்பாயின் சதுரத்தையும் பெரிதாக்க வேண்டும். கோடிட்ட துணியை இவ்வாறு வெட்டினால் கோடுகள் சாய்வாக ஓடி ஓரத்தைச் சுற்றி ஏறும், கட்டத்துணியோ வைரக்கட்டமாகும். தனி அலங்காரம் எதுவும் இல்லாமலே விளிம்புக்கு எழில் வந்துவிடும்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்ப்பார்கள். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்திலும் ஈரத்திலும் அவிழ்ந்து, உலர்ந்து ஆறும்போது புதிய நிலையில் மீண்டும் பிணைகின்றன. மடிப்பு நிற்பது அதனால்தான். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால், வளைவுக்கெனச் சேமித்த நீட்சி மேசையிலேயே செலவாகிவிடும்.

நேர்வெட்டுப் பட்டையின் மடிப்பில் அதே சில நூல்களே உராய்வு முழுவதையும் ஏற்கும், மூலைவாட்டில் ஒவ்வொரு நூலும் சிறிது தொலைவே வெளிப்பட்டு விலகும், ஆகவே அதுவே நெடுநாள் உழைக்கும் என்பர். சரியான வாதமே. ஆனால் நேர்வெட்டும் நூல்பிசகாமல் அமைவது அரிது என்பதால், நேர்விளிம்புப் போர்வைக்கு இதை நான் பெரிதாக எண்ணமாட்டேன். துணிச்சிக்கனம் கருதி அங்கே நேர்ப்பட்டையே போதும்.