கிள்ளானில் பசியாற எட்டு மணிக்கே போங்கள்

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளான். காரில் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே பசி கூடிவிடும். தவிர, இந்த ஊருக்கு ரயிலில் போவதுதான் நியாயம். இதன் சாப்பாட்டுக் கடைகளை வளர்த்ததே ரயிலும் துறைமுகமும்தானே!

1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை வந்த தண்டவாளம், 1890-இல் ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தது. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறந்தது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். மூட்டை தூக்கிய சீனருக்கும், ரயில்வேயிலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழருக்கும் விடிந்ததும் வயிறு நிறைய வேண்டும். பழைய நகரத்தின் சமையல் இன்னும் அந்த நேரக் கணக்கை விடவில்லை. பதினொரு மணிக்குச் சாவகாசமாக வந்து நின்றால் சில கடைகளில் பானையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஜாலான் ஸ்டேசன். அங்கே 1940-இலிருந்து இருக்கிறது சோங் கோக் கோப்பிக் கடை, ஹைனான் சீனர் கைப்பக்குவம். ரொட்டியில் காயாவும் வெண்ணெயும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. முட்டையில் சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுக் கலக்கி, ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் ‘கோப்பி ஓ கோசோங்’ கேட்கலாம். எனக்கென்னவோ கெட்டிப் பால் அடியில் தங்கிய கோப்பிதான் கோப்பி.

அடுத்தது பக்குத்தே. நம்மவர்களில் பன்றி இறைச்சி தொடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எலும்போடு இறைச்சியை மருந்து மூலிகைகளும் பூண்டும் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்ட கரும்பழுப்புச் சாறு. வேறு ஊர்களில் பெரிய சட்டியில் காளானும் டோஃபுவும் மிதக்கும். கிள்ளானின் பழைய கடைகளில் சின்னக் கிண்ணம், கெட்டிச் சாறு, வெறும் இறைச்சி. எந்தப் பாகம் வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். மேசையோரம் வெந்நீர்க் கெட்டில் கொதிக்கும். கிண்ணங்களை அதில் அலசி, தேநீரை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். கோத்தா பாலத்தடியில் இருக்கும் செங் ஹுவாட் இதற்குப் பேர்போனது. சோறு இல்லாமல் சாப்பிட உட்காராதீர்கள், சாறு வீணாகிவிடும்.

தெங்கு கிளானா சாலை வேறு உலகம். பூக்கடை, புடவைக் கடை, நகைக் கடை, வாசலில் வடை. வாழை இலைச் சாப்பாட்டுக்கு இங்கே மதியம் வந்தாலும் கவலையில்லை. சோறும் கறிகாயும் கேட்கக் கேட்க வரும். “அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்?” என்று பரிமாறுகிற தம்பி வாளியைச் சாய்க்கும்போது வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

2024 பிப்ரவரியில் தேசிய மரபுடைமைத் துறை 10 உணவுகளை மரபு உணவாக அறிவித்தது. பட்டியலில் பக்குத்தே இருந்ததால் நாடே இரண்டுபட்டு வாதாடியது. முஸ்லிம்கள் உண்ண முடியாததைத் தேசிய மரபு எனலாமா என்பது ஒரு பக்கம். சீனர் உழைப்பில் பிறந்ததை எப்படி விலக்குவது என்பது மறுபக்கம். நான் இரண்டாம் பக்கம். அந்தச் சத்தத்தில், அதே பட்டியலில் நம் ஊத்தப்பமும் இருந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. தெங்கு கிளானா சாலையில் கேட்டுப் பாருங்கள். வெங்காயத்தைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.