குதிரை வாங்குமுன் லாடக்காரரைத் தேடுங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றிச் சுழி எங்கே இருக்கிறது, குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று விவரம் தெரிந்தவரை அழைத்துவந்து கேட்கிறார்கள். அப்புறம் நிறம். அப்புறம் காது. மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும்; பார்க்க அத்தனை அழகு. காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

இந்தக் குறை நமக்குப் பழையது. பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துப்போவதையும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போட்டார்களாம். வாங்க அரசனிடம் பொன் இருந்தது; வளர்க்க ஆள் இல்லை.

இன்று குதிரை வாங்குகிறவர் அரசன் அல்ல. தோட்டத்தில் இடம் இருக்கிறது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், காலையில் கொஞ்ச நேரம் சவாரி போகலாம் என்று வாங்குகிறவர். விலையை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. குதிரையோ நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும்.

தீனியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாட்டை வளர்த்த கை குதிரையையும் மாடாகவே நினைக்கிறது. குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்தது. 350 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிலோ உலர்ந்த புல் வேண்டும். பச்சைப் புல்லாகப் போட்டால் அதைப்போல் சில மடங்கு. தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். வியர்வையில் உப்பு போய்விடுவதால் நக்குவதற்கு உப்புக்கட்டி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். தெம்பு வரட்டும் என்று ஒரே வேளையில் கொள்ளையும் தவிட்டையும் கொட்டுவது அன்பு அல்ல, ஆபத்து. தானியம் ஏற ஏற வயிற்றுவலிக்கும் குளம்புக்குள் வீக்கத்துக்கும் வழி திறக்கிறது. எந்தத் தீனியை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்ற வேண்டும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி அதற்கு உயிர் போகும் விஷயம். முன்காலால் தரையைத் தோண்டும். தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கும். படுக்கும், எழும், மறுபடி புரளும். சாணம் போடுவது நின்றுவிடும். இதில் இரண்டு தெரிந்தாலே தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். காலைவரை பார்க்கலாம் என்று படுக்கப் போகாதீர்கள்.

குளம்பை தினமும் இருவேளை சுத்தம் செய்ய வேண்டும். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குளம்பு சுரண்டியால் குதிப்பக்கத்திலிருந்து முன்நோக்கி மண்ணையும் கல்லையும் எடுங்கள். அடியில் முக்கோணமாக, மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் லாயம் ஈரமாக இருக்கிறது என்று பொருள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி, லாடத்தைக் கழற்றிக் கட்ட வேண்டும். தேயவில்லையே என்று ஆறு மாதம் விட்டுவைத்தால் குளம்பு நீண்டு, நரம்பு இழுத்து, கால் கெட்டுவிடும். ஓர் ஆணி குத்தினாலே ரணஜன்னி வரக்கூடிய பிராணி இது. தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும். ஆகவே ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

பழக்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சவாரி பழகியது என்று விற்கப்படும் குதிரைகளில் பல, வலிக்குப் பயந்து பழகியவை. கடைவாயில் தழும்பு இருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடைசெய்திருக்கின்றன. குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விலகும் நொடியில். கெண்டைக்காலால் விலாவை லேசாக அழுத்துங்கள். ஓரடி எடுத்துவைத்ததும் அழுத்துவதை நிறுத்துங்கள். சரியாகச் செய்தோம் என்று அதற்குப் புரிவது அப்போதுதான். அதன் பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால் விலா மரத்துப்போகும், அடுத்து சவுக்கைத் தேடுவீர்கள். மூன்று வயதுக்கு முன்னால் முதுகில் ஏறவே கூடாது; முதுகெலும்பு முழுதும் முற்ற ஐந்து, ஆறு வயதாகும். பின்னால் நேராக நெருங்கவும் கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள்.

2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவின் குதிரைகள் 45 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. குதிரை குறைந்தால் அதை நம்பிய லாடக்காரரும் குறைவார். ஆகவே சந்தைக்குக் கிளம்புமுன் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள்: குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவர், அழைத்தால் வரும் லாடக்காரர் ஒருவர். இருவரும் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் குதிரை வாங்காதீர்கள். சவாரிப் பள்ளியில் மாதக் கட்டணம் கட்டி ஏறிப் பழகுங்கள்.