ஹாலுக்குள் கடல்! 2 மீன் போதும். பவளம் வைத்தால் ஜெயில்!

கோட்டூர்புரத்தில் இருந்து பெசன்ட் நகர் கடற்கரை கொஞ்ச தூரம்தான். ஆனாலும், கடலையே வீட்டு ஹாலுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் உண்டு. உப்புத் தண்ணீர் மீன் தொட்டி! அதுதான் அந்த ஆசை.

பழைய தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பிளாஸ்டிக் கோட்டை, கலர் கூழாங்கல், வாயைத் திறந்து மூடும் புதையல் பெட்டி! இப்போது மோஸ்தர் மாறிவிட்டது. சட்டம் இல்லாத கண்ணாடி, வெள்ளை மணல், இரண்டு கல், ஒரு ஜோடி மீன். மீதி வெறும் தண்ணீர்.

"இதுக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால், அந்தக் காலி இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

காலி இடம் ஏன்?

கல்லை மலையாகக் குவித்தால் அதன் பின்னால் தண்ணீர் ஓடாது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அங்கேயே தங்கி அழுகும். அம்மோனியா கிளம்பும். மீன் காலி! கல் குறைவாக இருந்தால் குப்பை உடனே கண்ணில் படும்.

அம்மோனியாவைத் தின்னும் நுண்கிருமிகள் புதுத் தொட்டியில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது.

உப்புக் கணக்கு

லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. சமையல் உப்பு உதவாது. இதற்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவை வேண்டும். பீச் தண்ணீரை குடத்தில் பிடித்து வருவதும் ஆபத்து. சாக்கடையைச் சுமந்து வரும் அடையாறு கலப்பது அந்தக் கடலில்தான்!

வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

3 ஆண்டு ஜெயில்

அழகுக்காக பவளப்பாறை வைக்கிறவர்கள் உஷார்! 2001-ல் பவளப்பாறைகளும் கடல்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில், அபராதம் தனி. "செத்த பவளம்தானே சார்" என்று தப்பிக்க முடியாது. செராமிக் கல் போதும்.

கரண்ட் போனால்?

2015 டிசம்பர் வெள்ளத்தை கோட்டூர்புரம் மறக்காது. கரண்ட் போய் மோட்டார் நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையும். நெரிசலான தொட்டி முதலில் சாகும். 2 மீன் மட்டும் உள்ள தொட்டி கூடுதல் நேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எந்த மீன்?

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்! இதைக் கடலில் பிடிக்க வேண்டியதே இல்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்துள்ளது. ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும்!

கடையில் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா?"