எஃகு மிதிவண்டிச் சட்டம் வாங்குவோமா?

இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு அருகே கிஸால்லோ மாதா சிற்றாலயம் உள்ளது. 1949-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரர்கள் காணிக்கையாக அளித்த பந்தய சைக்கிள்களை அங்கே காணலாம். பழையவை கையால் இணைத்த எஃகுச் சட்டங்கள். அத்தகைய சட்டத்தைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி எனப் பார்ப்போம்.

முதலாவது, அளவு. உடலுக்குப் பொருந்தாத சட்டம் இலவசமாய்க் கிடைத்தாலும் நட்டமே.

இரண்டாவது, குழாய். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு உறுதியானது. நல்ல குழாயின் சுவர் இரு முனைகளிலும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். இணைப்புச் சூட்டையும் அழுத்தத்தையும் முனைகள் தாங்கும். நடுப்பகுதி எடையைக் குறைக்கும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது.

மூன்றாவது, சோதனை. பழைய சட்டம் வாங்கினால் பணம் மிச்சமாகும். ஆனால் இணைப்புகளின் அருகே வெடிப்பும், குழாயினுள் துருவும் உண்டா எனப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் பொருந்தும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்புறத் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்தில் இழுத்துக் கட்டுவோம். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இல்லையெனில் சட்டம் கோணலானது.

வண்ணத்தைப் பிறகு பூசிக்கொள்ளலாம். மலை இறக்கத்தில் சட்டம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதை மறவாதிருப்போம்!