எண்ண வேண்டியது குரங்கையா, தேங்காயையா?

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி. குருநாகல் பக்கம் உள்ள என் மச்சானின் தென்னந்தோட்டத்தில் அவரும் நானும் கையில் ஒரு படிவத்தோடு நின்றோம். விவசாய அமைச்சு நாடு முழுவதற்கும் அறிவித்திருந்த ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு அன்றுதான். எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை காணியில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எத்தனை என்று எழுத வேண்டும். நாங்கள் கண்டது இரண்டு மயிலும் ஒரு மர அணிலும்தான். எழுதி முடித்து, எட்டரைக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது இருபது குரங்குகள் வந்து இறங்கின.

"இத எங்க எழுதுற மச்சான்?" என்று கேட்டார் அவர்.

சிரித்தோம். பின்னர் வெளியான முடிவில் நாட்டிலே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகளும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மயில்களும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கை சரியா, பிழையா என்று நிபுணர்கள் வாதிடட்டும். தேங்காய் வாங்கி விற்கும் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. பீடையாகிவிட்ட விலங்குகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கிறார்கள். அதில் பலன் கிடைத்ததா என்று எதை வைத்து அளப்பது?

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் அப்படியொரு திட்டம் நடந்தது. கூடுகள் வந்தன. ஒலியெழுப்பும் கருவிகள் வந்தன. செயலமர்வுகள் நடந்தன. இறுதிக் கூட்டத்தில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை கருவிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன என்று திரையில் காட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தோட்டக்காரர் எழுந்து, "ஏக்கருக்கு எத்தனை தேங்காய் கூடியது?" என்று கேட்டார். மேடையில் பதில் இருக்கவில்லை.

கடையில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்பது வியாபாரமல்ல. மாலையில் லாச்சியில் என்ன மிஞ்சியது என்பதே வியாபாரம். கூடும் கருவியும் செயலமர்வும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை. அவற்றை வரவுப் பக்கத்தில் எழுதினால் எந்தக் கடையும் இலாபம் காட்டும்.

இந்த விடயத்தில் நீண்ட கணக்கு வைத்திருக்கும் நாடு அவுஸ்திரேலியா. அங்கே பீடை, முயல். 1859இல் தோமஸ் ஒஸ்டின் என்பவர் விக்டோரியாவில் வேட்டைக்காக விட்ட சில முயல்கள் பெருகி, கண்டத்தின் மேய்ச்சல் நிலங்களையே தின்றன. 1950இல் மிக்சோமா என்ற வைரஸை விட்டார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது முயல்கள் செத்தன. சில வருடங்களில் மிஞ்சிய முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. முதல் வருடத்தில் மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் முயல் பிரச்சினை முடிந்தது என்றே எழுதியிருப்பார்கள். 1995இல் வார்டாங் தீவில் பரீட்சித்துக்கொண்டிருந்த கலிசி வைரஸ், பரீட்சை முடியும் முன்பே தப்பிப் பெருநிலத்துக்குள் பரவியது.

அவர்கள் செத்த முயல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. முயல் குறைந்ததால் எவ்வளவு இறைச்சி, எவ்வளவு கம்பளி கூடியது என்றும் பார்த்தார்கள். 1950 முதல் 2011 வரை மேய்ச்சல் தொழிலுக்குக் கிடைத்த நன்மை ஏறத்தாழ 70 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர் என்று மதிப்பிட்டார்கள். இதுதான் லாச்சிக் கணக்கு.

அடுத்த சம்பவம் இன்னும் சுவையானது. 2017 மார்ச்சில், கொரியாவிலிருந்து பெற்ற கே5 என்ற புதிய வைரஸ் வகையை நாடெங்கும் விட்டார்கள். அது சேர்ந்த இடங்களில் முயல்கள் சராசரியாக மூன்றிலொரு பங்கு குறைந்தன. நல்ல இலாபம்தான். ஆனால் 2015இலேயே, அரசாங்கம் விடாத இன்னொரு வைரஸ் நாட்டுக்குள் நுழைந்திருந்தது. அது பரவிய பின் முயல்கள் சராசரியாக 60 வீதம் குறைந்திருந்ததை நீண்டகாலக் கண்காணிப்பு இடங்களின் கணக்கு காட்டியது. பழைய கணக்கு இல்லாதிருந்தால் அந்த வரவையும் 2017 திட்டத்தின் பெயரில் எழுதியிருக்கலாம். இரவில் விளக்கடித்து வருடக்கணக்காக எண்ணி வந்ததும், செத்த முயல்களை எடுத்து எந்த வைரஸ் கொன்றது என்று பரிசோதித்ததுமே அவர்களைக் காப்பாற்றின.

இதை எங்கள் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். மச்சானுக்கு மூன்று ஏக்கர். ஒரு பறிப்புக்கு 1,500 காய் தந்த காணி, இப்போது 900 தருவதே பெரும்பாடு. குரங்குதான் காரணம் என்கிறார் அவர். மரத்தடியில் கடித்துப் போட்ட குரும்பைகள் கிடப்பதும் உண்மை. ஆனால் மழை குறைந்தால் அடுத்த வருடமும் காய் குறையும். 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. அதன்பின் விலை ஏறியதால் பலர் உரமே போடவில்லை. குறைந்த 600 காயில் குரங்கு தின்றது எத்தனை? இது தெரியாமல் கடன் வாங்கி மின்வேலி போடுவதா, அந்தக் காசுக்கு உரம் வாங்குவதா, காணியையே விற்றுவிடுவதா என்று அவர் தவிக்கிறார். அளவீடு என்பது அதிகாரிகளின் கோப்பு விவகாரம் மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் முடிவு அதில் தொங்குகிறது.

ஆகவே மானியம் கொடுப்பவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். வேலை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே விளைச்சலை எழுதுங்கள். திட்டம் நடக்கும் கிராமத்துக்கு அருகே, அதே மழையும் அதே மண்ணும் உள்ள இன்னொரு கிராமத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். காசு முடிந்து வாகனங்கள் போன பிறகு, மூன்றாவது வருடமும் ஒருமுறை வந்து பாருங்கள். அந்த வருகைக்கான செலவை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நட்டக் கணக்கை மறைக்கும் வியாபாரி அதே நட்டத்தை மறுபடியும் வாங்குவான்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. பறிப்புக்கு எத்தனை காய் என்பது ஒவ்வொரு தேங்காய் வியாபாரியின் புத்தகத்திலும் வருடக்கணக்காக இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதைக் கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை. என் புத்தகங்கள் கடை அலுமாரியில் இருக்கின்றன. வருபவர்கள் வரட்டும். தேத்தண்ணியும் உண்டு.