அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்யத் திட்டமா? முதலில் திரும்பும் விமானத்தின் நேரத்தைப் பாருங்கள்!

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமானுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிடும்போது, செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை என ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஸ்கூபா டைவிங்கைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றே பலருக்கும் தோன்றும். மாலையில் தலைநகருக்குத் திரும்பி, மறுநாள் அதிகாலையில் விமானம் ஏறிவிடலாம் என்பது கணக்கு. பார்ப்பதற்குக் கச்சிதமாகத் தோன்றும் இந்தக் கணக்கு, உடல்நலத்தைப் பொறுத்தவரை தவறானது. ஆழ்கடலில் மூழ்கி எழுந்தவர் உடனடியாக விமானத்தில் பறப்பது ஆபத்தை விளைவிக்கக்கூடும். எனவே, டைவிங் பயணத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சரியான முறை.

உடனே விமானம் ஏறக் கூடாது, ஏன்?

கடலில் 10 மீட்டர் ஆழத்திற்குச் சென்றால், உடலின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் அது மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் உருளையிலிருந்து சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன், வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வரும்போது இந்த நைட்ரஜன் நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறும். ஆனால், கரையேறிய உடனேயே முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. அதற்குப் பல மணி நேரம் தேவைப்படுகிறது.

விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் மீது இருக்கும் அளவுக்குக் குறையக்கூடும். சோடா புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் கிளம்புவதைப்போல, அழுத்தம் குறையும்போது எஞ்சியிருக்கும் நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாக மாறலாம். மூட்டுவலி, தோலில் தடிப்பு, கடும் சோர்வு, உணர்வின்மை, தலைசுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் பக்கவாதம் போன்ற பாதிப்பும் ஏற்படலாம். மருத்துவர்கள் இதை அழுத்தக்குறைவு நோய் என்கின்றனர்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு முறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாட்களோ தொடர்ந்து மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். படிப்படியாக நின்று நின்று மேலேற வேண்டிய அளவுக்கு ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர்கள் இன்னும் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். எல்லோரும் எளிதாக நினைவில் கொள்ளத்தக்க பாதுகாப்பான இடைவெளி 24 மணி நேரம்.

பயணத்தை வகுப்பது எப்படி?

அந்தமானில் டைவிங்கின் மையம் ஸ்வராஜ் தீவு. ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட இத்தீவுக்கும், நீல் என்று அழைக்கப்பட்ட ஷஹீத் தீவுக்கும் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் பெயர் மாற்றப்பட்டது. போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பெயர்களும் இன்னும் புழக்கத்தில் உள்ளதால், பயணச்சீட்டு பதிவு செய்யும்போது குழப்பம் வேண்டாம்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஸ்வராஜ் தீவுக்குத் தனியார் விரைவுக் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரமும், அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரமும் ஆகின்றன. கடல் கொந்தளித்தால் கப்பல் சேவை ரத்தாகலாம். ஆகவே, விமானம் புறப்படும் நாளன்று காலையில் தீவிலிருந்து கிளம்பும் திட்டம் எப்போதும் இடர் நிறைந்தது.

ஆறு நாள் பயணம் என்றால், இவ்வாறு வகுக்கலாம். முதல் நாள் ஸ்ரீ விஜயபுரம் வந்து சேர்தல். இரண்டாம் நாள் ஸ்வராஜ் தீவுக்குச் சென்று ஓய்வு. மூன்றாம் நாளும் நான்காம் நாள் காலையும் டைவிங். ஐந்தாம் நாள் தலைநகருக்குத் திரும்பிச் செல்லுலார் சிறையைப் பார்த்தல். ஆறாம் நாள் விமானம். இதில் கடைசியாக மூழ்கியதற்கும் விமானத்திற்கும் இடையில் ஒரு முழு நாளுக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. வானிலை ஒரு நாள் கெட்டாலும் மாற்று நாள் கைவசம் இருக்கும்.

அந்தமான் நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்தாலும் இந்திய நேரத்தையே பின்பற்றுகிறது. அதனால் அங்கே காலை 5 மணியளவில் விடிந்து, மாலை ஐந்தரை மணிக்குள் பெரும்பாலும் இருட்டிவிடும். டைவிங் படகுகளும் காலையிலேயே புறப்படும் என்பதால் முந்தைய இரவு நன்கு உறங்குவது அவசியம்.

எந்த மாதம் ஏற்றது?

அக்டோபர் முதல் மே வரை பொதுவான பருவம். இதில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். மே இறுதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலைகள் உயர்ந்து, நீர் கலங்கலாகும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் உருவாகும் புயல் சின்னங்களையும் கவனிக்க வேண்டும். வானிலையால் படகு புறப்படாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படுமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

அனுபவ டைவிங்கா, சான்றிதழ் பயிற்சியா?

முன்பின் பயிற்சி இல்லாதவர்களுக்கான அனுபவ டைவிங்கிற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயிற்றுநர் முழு நேரமும் உடனிருப்பார். இதற்கான ஆழ வரம்பு 12 மீட்டர். பொதுவாகக் குறைந்தபட்ச வயது 10. பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் ஒருமுறை பார்த்துவர விரும்புவோருக்கு இதுவே போதும்.

தொடர்ந்து டைவிங் செய்ய விரும்புவோர் 'ஓப்பன் வாட்டர்' எனப்படும் தொடக்கநிலைச் சான்றிதழைப் பெறலாம். மூன்று அல்லது நான்கு நாட்கள் பயிற்சி. 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடங்கள் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றால் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். அடுத்த நிலைக்கு 30 மீட்டர் வரை அனுமதி உண்டு. ஸ்வராஜ் தீவை ஒட்டியுள்ள டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற புகழ்பெற்ற இடங்கள் ஆழமானவை. அங்கே செல்வதற்கு அனுபவம் தேவை.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்

டைவிங்கிற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தரப்படும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அல்லது சைனஸ் கோளாறு, நுரையீரல் பாதிப்பு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவை குறித்து அதில் கேட்கப்படும். கர்ப்பிணிகள் டைவிங்கைத் தவிர்க்க வேண்டும். பணம் கட்டிவிட்டோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணத்தில், எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறித்துவிடும் மனநிலை இங்கேதான் தலைதூக்கும். ஆனால், கரையில் மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் ஒரு நோய், நீருக்கடியில் சில நொடிகளில் உயிரைப் பறிக்கக்கூடும். உடல்நலக் குறை உள்ளவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் தகுதிச் சான்று பெறுவது பணத்தையும் ஏமாற்றத்தையும் மிச்சப்படுத்தும்.

சளி பிடித்திருந்தால் அன்றைய டைவிங்கைத் தள்ளிப்போட வேண்டும். மூக்கடைப்பு இருக்கும்போது காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய இயலாது. இதனால் செவிப்பறை கிழியவும் வாய்ப்புண்டு.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பயிற்றுநரின் சான்றிதழ் நடப்பில் உள்ளதா? முதன்முறை மூழ்குவோருக்கு ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என அமர்த்தப்படுகிறாரா? படகில் அவசரகால ஆக்சிஜன் உள்ளதா? ஆழமற்ற நீரில் முன்பயிற்சி தருகிறார்களா? இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேறு நிறுவனத்தை நாடலாம்.

அவசரக் காப்பீட்டையும் சரிபார்க்க வேண்டும். சாதாரண பயணக் காப்பீடுகள் பலவற்றில் டைவிங் விபத்துகள் விலக்கப்பட்டிருக்கும். அழுத்தக்குறைவு நோய்க்கான சிகிச்சை அழுத்த அறையில் வைத்தே அளிக்கப்படுகிறது. அந்தமானில் அந்த வசதி தலைநகரில் உள்ள ஐஎன்எச்எஸ் தன்வந்திரி கடற்படை மருத்துவமனையில் உள்ளது. அதாவது, ஸ்வராஜ் தீவில் ஒருவர் பாதிக்கப்பட்டால் கடலைக் கடந்தே சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தெரிந்தவுடன் பயிற்றுநரிடம் சொல்வது இதனால்தான் முக்கியம்.

நீருக்கடியில் மறக்கக் கூடாதவை

முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து நுரையீரலில் உள்ள காற்று விரிவடையும். மூச்சை அடக்கியிருந்தால் சில அடி உயர்வுகூட நுரையீரலைக் காயப்படுத்தலாம். இரண்டாவதாக, இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதுகளை அடிக்கடி சமன் செய்ய வேண்டும். அழுத்தம் இரு மடங்காகும் முதல் 10 மீட்டரில்தான் காதுகளுக்குச் சோதனை அதிகம். வலி வந்தால் அதற்கு மேல் இறங்கக் கூடாது.

நீருக்கடியில் பேச இயலாது என்பதால் சைகைகளே மொழி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'நன்று' என்று பொருளல்ல, 'மேலே போகலாம்' என்று பொருள். நலமாக இருப்பதைத் தெரிவிக்கக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். விரித்த கையை இருபுறமும் அசைத்தால் 'ஏதோ சரியில்லை' என்று அர்த்தம்.

பவளத்தைத் தொடாதீர்கள்

பவளப்பாறை என்பது நுண்ணிய உயிரினங்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. கை பட்டாலோ, துடுப்புக் காலணி உரசினாலோ பல ஆண்டுகால வளர்ச்சி சிதையும். கடல்நீர் வெப்பமடைந்ததால் 2010, 2016ஆம் ஆண்டுகளில் அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. கரையில் ஒதுங்கிய உடைந்த துண்டாக இருந்தாலும் அதை எடுத்து வருவது குற்றமாகும்.

அந்தமான் செல்ல இயலாதவர்களுக்கு லட்சத்தீவுகள், கர்நாடகாவின் முருதேஸ்வர் அருகே உள்ள நேத்ராணி தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களும் உள்ளன. லட்சத்தீவுகளுக்குச் செல்ல இந்தியர்களும் முன் அனுமதி பெற வேண்டும். எங்கே சென்றாலும் ஒரு விதி மாறாது: கடைசியாகக் கடலிலிருந்து எழுந்த நேரத்தையும் விமானம் புறப்படும் நேரத்தையும் எழுதிப் பாருங்கள். இடையில் ஒரு முழு நாள் இல்லையென்றால், பயணச்சீட்டையோ டைவிங் நாளையோ மாற்றிக்கொள்ளுங்கள்.