முதியோர் பென்ஷனில் மாசம் 50, 100 குறையுதா? அந்தப் பணத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

"கைரேகை வச்சதுக்கு அம்பது ரூபா எடுத்துக்கிட்டேன் பாட்டி, மீதி இந்தாங்க."

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் முதியோர் உதவித்தொகை வாங்கும் நாளில் காதில் விழும் பேச்சு இது. வாங்குபவர் மறுபேச்சு பேசுவதில்லை. ஐம்பது ரூபாய்க்காகச் சண்டை போட்டால் அடுத்த மாதம் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று அலையவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

மாநில அரசு 2023 ஆகஸ்டில் முதியோர், ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதில் மாதம் 50 ரூபாய் போனால் ஆண்டுக்கு 600 ரூபாய். அதாவது 12 மாத பென்ஷனில் அரை மாதப் பணம் காணாமல் போகிறது. இதோடு வங்கி பிடிக்கும் கட்டணம், ஆதார் திருத்தச் செலவு, இ-சேவை மையத்தில் கொடுக்கும் கூடுதல் காசு என்று சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? பெரும்பாலானவற்றைக் கேட்க முடியும். ஆனால் எல்லாவற்றையும் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டால் கிடைக்காது. பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

தாலுகா ஆபீஸ் ஏன் கைவிரிக்கிறது?

உதவித்தொகையை அனுமதிப்பதும் நிறுத்துவதும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம். அங்கே போய் "பணம் குறையுது சார்" என்று சொன்னால், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "நாங்க முழுசா போட்டுட்டோம், பேங்க்ல கேளுங்க" என்பார்கள். வங்கியில் கேட்டால் "அது கவர்மென்ட் பணம், தாலுகாவுல கேளுங்க" என்பார்கள்.

இரண்டு இடத்திலும் அலைவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்க வேண்டும். அரசு அனுப்பிய தொகையே குறைவாக வந்திருந்தால் பிரச்சினை தாலுகா ஆபீஸில். முழுத் தொகை வந்து, பிறகு வேறு பெயரில் கழிந்திருந்தால் பிரச்சினை வங்கியில். பாஸ்புக்கில் 1,200 வந்து 1,200 எடுத்ததாகவே இருக்க, கைக்கு 1,150 மட்டும் வந்திருந்தால் நடுவில் நின்றவர் எடுத்திருக்கிறார்.

பாஸ்புக்கே அந்த வங்கி முகவரிடம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். முதலில் அதை வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். ஏடிஎம் கார்டுக்கும் இதேதான்.

கைரேகை மெஷின்காரர் கமிஷன் கேட்கலாமா?

கூடாது. கையில் மெஷினோடு வருபவர் வங்கியின் வணிகத் தொடர்பாளர், அதாவது வங்கி நியமித்த முகவர். அவருக்கான கமிஷனை வங்கிதான் தர வேண்டும் என்றும், வங்கி சார்பில் செய்யும் சேவைக்கு வாடிக்கையாளரிடம் அவர் நேரடியாகக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. "எனக்கு பேங்க்ல ஒண்ணும் பெருசா தர்றதில்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது அவருக்கும் வங்கிக்கும் உள்ள வழக்கு.

இதில் புகார் கொடுப்பதற்கு உள்ள சிக்கல் ஆதாரம். கையில் வாங்கிய பணத்துக்கு ரசீது கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் மெஷினில் வரும் சீட்டைக் கேட்டு வாங்குவது முக்கியம். அதில் எடுத்த தொகை அச்சாகியிருக்கும். தேதி, கைக்கு வந்த தொகை இரண்டையும் அந்தச் சீட்டின் பின்னாலேயே பேரனையோ பேத்தியையோ எழுதச் சொல்லலாம். மூன்று மாதச் சீட்டு சேர்ந்தாலே, அல்லது அதே தெருவில் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே, வங்கிக் கிளை மேலாளரால் அதை ஒதுக்கிவிட முடியாது. தனியாகப் போனால் முகவர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்துக்கும் இது மருந்து. நாலு பேரை ஒரே நேரத்தில் அலையவிடுவது அவருக்கும் கஷ்டம்.

பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது

இது ஐம்பது ரூபாயை விடப் பெரிய வலி. விரல் ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு மெஷின் இரண்டு, மூன்று முறை மறுக்கும். "ரேகை விழல, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் போனில் 1,200 ரூபாய் எடுத்ததாக எஸ்எம்எஸ். தொழில்நுட்பக் கோளாறாகவும் இருக்கலாம், ஏமாற்றாகவும் இருக்கலாம்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இதற்குப் பொருந்தும். ஏடிஎம்மிலோ மைக்ரோ ஏடிஎம் எனப்படும் கையடக்க மெஷினிலோ பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாமதமானால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே இதைத் தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. நடைமுறையில் கேட்டால்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம். 15-வது நாள் பணம் திரும்பி வந்தால் 10 நாள் தாமதம், 1,000 ரூபாய் சேர்ந்து வர வேண்டும். பென்ஷன் தொகைக்குக் கிட்டத்தட்ட சமமான பணம் இது. விட்டுவிடுவதற்கில்லை.

பாஸ்புக்கில் தெரியும் சின்னச் சின்னப் பிடித்தங்கள்

2023 செப்டம்பர் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கணக்கில் விழுந்த 1,000 ரூபாயில் ஒரு பகுதியை, மினிமம் பேலன்ஸ் இல்லாத பழைய பாக்கிக்கென்று சில வங்கிகள் எடுத்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக்கூடாது என்று மாநில அரசு வங்கிகளிடம் வலியுறுத்தியது. பிடித்தம் நடந்தால் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தது.

பென்ஷன்தாரர்களுக்கும் அதே கதைதான். இதற்கு நிரந்தர வழி, கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்வது. ஜன் தன் கணக்கு இந்த வகையில் வரும். இதில் மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, மாதம் 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். இருக்கும் கணக்கையே மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

ஸ்டேட் வங்கி 2020-லேயே மினிமம் பேலன்ஸ் அபராதத்தை நீக்கிவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-ல் நீக்கின. இந்த வங்கிகளில் அதற்குப் பிந்தைய தேதியில் அப்படியொரு பிடித்தம் இருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டியே விளக்கம் கேட்கலாம். வேறு வங்கிகளிலும், அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கின் இருப்பு மைனஸில் போகக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2014-ல் போட்ட விதி.

மே மாத இறுதி, ஜூன் மாதப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 20 ரூபாய் போயிருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கான ஆண்டு பிரீமியமாக இருக்கும். 436 ரூபாய் என்றால் ஆயுள் காப்பீடு. இரண்டுமே 2 லட்சம் ரூபாய் தரும் திட்டங்கள், விரும்பிச் சேர்ந்திருந்தால் நல்லதுதான். ஆனால் விபத்துக் காப்பீடு 70 வயது வரை, ஆயுள் காப்பீடு 55 வயது வரை மட்டுமே. 75 வயதுப் பாட்டியின் கணக்கில் 20 ரூபாய் எடுத்திருந்தால், அவருக்குக் கிடைக்கவே முடியாத காப்பீட்டுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம்.

ஆதார், இ-சேவை செலவு

ஆதாரில் புதிதாகப் பதிவது இலவசம். 2025 அக்டோபர் 1 முதல் பெயர், முகவரி போன்ற திருத்தத்துக்கு 75 ரூபாய், பெரியவர்களின் கைரேகை, கருவிழிப் புதுப்பிப்புக்கு 125 ரூபாய். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் 125 மட்டும்தான். தனித்தனியாகக் கூட்டி 200 வாங்கினால் தவறு. 1947 என்ற எண்ணில் சொல்லலாம். கூடுதல் கட்டணம் வாங்கியது உறுதியானால் 50,000 ரூபாய் அபராதமும், அந்த ஆபரேட்டர் இடைநீக்கமும் உண்டு என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது.

இ-சேவை மையத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அச்சிட்ட ரசீது வாங்கினால் போதும். ரசீதில் உள்ளதற்கு மேல் கேட்டால் அது அரசுக் கட்டணம் அல்ல.

"ஐயாவுக்கு டீ செலவுக்கு" என்று வெரிஃபிகேஷனுக்கு வரும்போது கேட்பது கட்டணமே இல்லை, லஞ்சம். இங்கே ஒரு எச்சரிக்கை. 2018-ல் திருத்தப்பட்ட சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அந்தக் குற்றம் அவர்மேல் வராது. கொடுப்பதற்கு முன்பே மாவட்டத்தில் உள்ள ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போவது இன்னும் நல்லது.

பஸ் காசு, ஜெராக்ஸ் செலவு, போன கூலி?

ஆபீஸ் தவறால் நாலு முறை அலைந்தால் அந்தச் செலவை யார் தருவது? நியாயமான கேள்வி. ஆனால் தாலுகா ஆபீஸில் இதற்கென்று ஒரு படிவமோ தலைப்போ கிடையாது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பாட்டிக்குப் பஸ் செலவு மிச்சம், துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்.

தாலுகா ஆபீஸிடம் பிடிவாதமாகக் கேட்க வேண்டியது நிலுவைத் தொகையைத்தான். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று பதிந்தோ, ஆதார் பொருந்தவில்லை என்றோ சில மாதம் பென்ஷன் நின்றிருந்தால், "மறுபடி போடுங்க" என்று மட்டும் மனு எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அந்த மாதத்திலிருந்துதான் வரும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வரவில்லை, மொத்தம் எவ்வளவு என்று மனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். நிறுத்தியதற்கான காரணம் வாயால் சொல்லப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

தவறு வங்கியுடையது என்றால் நிலைமை வேறு. வங்கிக் குறைதீர்ப்பாளர் எனப்படும் ஆம்புட்ஸ்மேன் நஷ்டத்தை மட்டுமல்ல, புகார்தாரரின் நேரம், அவர் செய்த செலவு, மன உளைச்சல் ஆகியவற்றுக்காகவும் இழப்பீடு தரச் சொல்ல முடியும். 2021-ம் ஆண்டுத் திட்டத்தில் இதற்கு வைத்த உச்ச வரம்பு ஒரு லட்சம் ரூபாய். அதனால் வங்கிக்குப் போய்வந்த ஷேர் ஆட்டோ செலவையும் ஜெராக்ஸ் செலவையும் ஒரு தாளில் தேதியோடு குறித்து வைப்பது வீண் வேலை அல்ல.

புகாரை எப்படி எழுதுவது?

நீளமாக எழுதத் தேவையில்லை. "என் கணக்கில் இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் இந்தப் பெயரில் கழிக்கப்பட்டுள்ளது. எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும். தவறு எனில் திரும்ப வரவு வைக்கவும்." இவ்வளவுதான். பாஸ்புக் பக்கத்தின் ஜெராக்ஸை இணைத்து இரண்டு பிரதி எடுத்துப் போக வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் சீலும் தேதியும் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆன்லைனில் பதியலாம், சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. வங்கியில் எழுத்தில் கொடுக்காமல் நேராக அங்கே போனால் புகார் தள்ளுபடியாகும்.

தாலுகா ஆபீஸ் விஷயம் என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 1100-க்கு போன் செய்யலாம். இரண்டிலும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் கழித்து "உங்கள் மனு முடிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும், பணம் வந்திருக்காது. அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல், அதே எண்ணைச் சொல்லி மறுபடி மனு கொடுக்க வேண்டும். அப்போது புதிதாக ஆரம்பிக்காமல், ஏன் முடித்தீர்கள் என்ற இடத்திலிருந்தே கேட்க முடியும்.